யார் முன்னால் யார் உட்காரலாம்

2021 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன்னால், எங்கள் மாடிக்குப் பதினோரு ஸ்டூல்கள் வந்தன. சாம்பல் நிற பிளாஸ்டிக் ஸ்டூல்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். சூப்பர்வைசர் அண்ணன் செக்‌ஷனுக்கு ஒன்றாகக் கொடுத்தார். "கவருமெண்டு சட்டம் போட்டிருக்குதுங்க. ஆபீசருங்க வந்தா எல்லாரும் இதுல உக்காந்திருக்கோணும்" என்றார். ஆபீசர் வராத நாளில் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் ஸ்டூலுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. மேல் ரேக்கில் இருக்கும் சீலைப் பெட்டிகளை எடுக்க அதன்மேல் ஏறி நிற்க ஆரம்பித்தோம். அதுவரை இதற்கென்று ஒரு இரும்பு ஏணி இருந்தது, அதை நாலு செக்‌ஷனுக்கும் இழுத்துக்கொண்டு அலைய வேண்டும். அந்த வகையில் ஸ்டூல் வசதிதான்.

திருப்பூரில் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுச்சீலைப் பிரிவில், நான்கு வருடம் இருந்தேன். கடைப் பெண்கள் ஒருவரையொருவர் "எங்கே வேலை பார்க்கிற?" என்று கேட்டுக்கொள்வதில்லை. "எந்த செக்‌ஷன்ல நிக்கிற?" என்றுதான் கேட்போம். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை வரை. சாப்பாட்டுக்கு அரைமணி, டீக்கு இரண்டு பத்து நிமிடங்கள். தீபாவளி மாதத்தில் பதினோரு மணியும் ஆகும். கழிப்பறை மொட்டைமாடிக்குக் கீழ்த் தளத்தில். போய்வர வேண்டுமானால் பக்கத்து செக்‌ஷனில் சொல்லிவிட்டுப் போக வேண்டும், கூட்ட நாளில் சொல்வதற்கே ஆள் கிடைக்காது. அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டோம். சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை வாங்கும்போது, "கடையில நிக்கறீங்களா?" என்று மருந்துக்கடைக்காரரே கேட்பார். முப்பது வயதில் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருந்த அக்காக்கள் எங்கள் மாடியில் மட்டும் மூன்று பேர்.

அந்தச் சட்டம் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கு வந்த ஒரு திருத்தம். 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். 22-அ என்று ஒரு பிரிவு புதிதாகச் சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். நமக்கு முன்பே கேரளம் 2018இல் இப்படி ஒரு திருத்தத்தைச் செய்துவிட்டது. பிரிட்டனில் 1899இலேயே கடைப் பெண்களுக்கு இருக்கை தரும் சட்டம் வந்தது: மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கை. மூன்றில் இரண்டு பேர் எப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பார்கள் என்ற கணக்கு அதிலேயே இருக்கிறது.

இதைவிட எனக்கு வியப்பாக இருந்தது இன்னொரு சட்டம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டியிருக்கும் தொழிலாளிகளுக்கு, ஓய்வு கிடைக்கும் நேரத்தில் உட்கார ஏற்பாடு இருக்க வேண்டும் என்றது. அதாவது என் அம்மாவுக்கு அவள் பிறப்பதற்கு முன்பே இந்த உரிமை இருந்திருக்கிறது. அம்மா இருபத்திரண்டு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங். ஓவர்லாக்கும் பேட்லாக்கும் ஓட்டுகிற டைலர்களை மிஷினே உட்கார வைத்துவிடும். கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் நின்று செய்யும் வேலைகள். செக்கிங் டேபிளின் உயரமே நிற்பவரின் இடுப்புக்குச் சரியாகப் போட்டதுதான். ஓட்டை, கறை, ஊசி வெட்டு, விட்டுப்போன தையல் பார்த்து, பிசிறு நூலை வெட்டி, மடித்துத் தள்ள வேண்டும். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை. 44ஆம் பிரிவைப் பற்றி அம்மாவிடம் சொன்னபோது, "அப்பிடியா?" என்றாள். தூரத்துச் சொந்தத்தில் யாருக்கோ கல்யாணம் என்று சொன்னால் கேட்பாளே, அந்தக் குரலில்.

அம்மாவும் நானும் நின்றோம், சரி. ஆனால் இரண்டும் ஒரே நிற்றல் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. டீ ஷர்ட்டுக்குத் தன்னை யாரோ நின்று பார்த்தார்களா, உட்கார்ந்து பார்த்தார்களா என்று தெரியாது. ஜெர்மனியில் அதை வாங்கிப் போடுகிறவருக்கும் தெரியாது. அம்மா நின்றது உற்பத்தியின் வேகத்துக்காக. உயரமான ஒரு ஸ்டூலைப் போட்டு அவளை உட்கார வைத்திருந்தால், பீஸ் எண்ணிக்கை குறையுமோ என்ற பயம் தவிர முதலாளிக்கு வேறு நட்டம் இல்லை. நான் நின்றது அப்படியல்ல. என் நிற்றல் சரக்கின் ஒரு பகுதி. ஆளே வராத செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலும் நிற்க வேண்டும். ஏனென்றால் அடுத்து எஸ்கலேட்டரில் ஏறி வருகிறவரின் கண்ணில் முதலில் பட வேண்டியது, அவருக்காகக் காத்து நிற்கும் ஒரு வரிசை. நின்றபடி, கையை முன்னால் கோத்தபடி, "வாங்க்கா" என்றபடி. 'வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு' என்று சட்டம் எழுதும்போது, வேலை வேறு, நிற்பது வேறு என்று நினைத்து எழுதுகிறது. கடைக்காரருக்கு நிற்பதுதான் வேலை. சீலை காட்டுவது அதற்கு மேல்.

இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. யார் முன்னால் யார் உட்காரலாம் என்பது நம் ஊரில் ஆளை அளக்கும் கோல். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் தோட்டத்துக்காரர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருக்க, அருந்ததிய மக்கள் களத்தில் நின்று கூலி வாங்கினார்கள். என் தாத்தா காலத்துக் கதை என்று இதைச் சொல்லிவிட முடியாது, நானே பார்த்திருக்கிறேன். 1925இல் தொடங்கிய இயக்கத்துக்குச் 'சுயமரியாதை' என்று பெயர் வைத்தவர்களுக்கு, மரியாதை என்பது முதுகெலும்பில் இருக்கும் விஷயம் என்று தெரிந்திருக்கிறது. வீட்டுக்குள் வந்தால் இன்னும் நெருக்கம். அப்பா சாப்பிடும்போது அம்மா நிற்பாள், மாமா வந்தால் எழுவாள். பன்னிரண்டு மணிநேரம் கம்பெனியில் நின்றுவிட்டு வந்தவள், வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை சமையல்கட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றதை நான் ஒரு குறையாகவே பார்த்ததில்லை. அப்படி நிற்கத் தெரிந்த பெண்பிள்ளைகளைத்தான் கடைக்காரர்களும் தேடி எடுக்கிறார்கள். பயிற்சி கொடுக்கும் செலவு மிச்சம்.

பயிற்சி என்று கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: எல்லாரையும் அக்கா, அண்ணா, அம்மா என்று கூப்பிட வேண்டும். 'மேடம்' கூடாது, அது சென்னைக்காரர்கள் பேசுவது. "உங்க வீட்டு நோம்பிக்கு ஒறம்பரை வந்தா எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்பிடிக் கூப்பிடுங்க" என்றார் மேனேஜர். பல வருடம் கழித்து, ஆர்லி ஹாக்சைல்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983இல் எழுதிய புத்தகத்தைப் பற்றி ஒரு தோழி சொன்னார். டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களைப் பற்றியது அது. விமானத்தின் உட்புறத்தைத் தங்கள் வீட்டுக் கூடமாகவும், பயணிகளைத் தங்கள் வீட்டு விருந்தாளிகளாகவும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமெரிக்க விமானத்துக்கும் திருப்பூர் ஜவுளிக்கடைக்கும் ஒரே வாத்தியார். உடம்பால் செய்வது போலவே, உணர்வைக் காட்டியும் மறைத்தும் கூலிக்குச் செய்கிற இந்த வேலைக்கு ஹாக்சைல்டு உணர்வு உழைப்பு என்று பெயர் வைத்தார். பெண்ணிடம் இனிமையை விற்கச் சொல்வார்கள், கடன் வசூலிக்கிற ஆணிடம் கடுமையை விற்கச் சொல்வார்கள் என்பதும் அந்தப் புத்தகத்தில் வருகிறது.

ஆனால் அக்கா என்று கூப்பிட்டதும் எனக்குப் பதிலுக்கு ஒரு உறவு கிடைப்பதில்லை. கொங்கு நாட்டில் சின்னக் குழந்தையைக்கூட 'ங்க' போட்டுப் பேசுவார்கள் என்று நமக்கு ஒரு பெருமை உண்டு. நிஜம்தான், பேசுவார்கள். கடைக்குள் அந்த 'ங்க' பாதி வழியில் உதிர்ந்துவிடும். உள்ளே நுழையும்போது "நல்ல பட்டு எங்கிருக்குதுங்க?" என்பவர், இருபதாவது சீலையில் "அதை எடு, இதை எடு, அது கறுப்பா இருக்குது, உனக்குக் கண்ணு தெரியலையா?" என்பதற்கு வந்திருப்பார். கூட வந்த வீட்டுக்காரர் சோபாவில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று தலைதூக்கி, "அந்தப் பொண்ணு மேல வச்சுக் காட்டச் சொல்லு, அப்பத்தான் தெரியும்" என்பார். துணியை என் தோளில் போட்டுக்கொண்டு நிற்பேன். அவர் பார்ப்பது துணியைத்தானா என்று எனக்குத் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். இரண்டு பேரும் பார்டரைப் பற்றிப் பேசுவோம்.

பில் போடும் இடத்துக்கு மேலே காந்தி படத்துடன் ஒரு வாசகம் மாட்டியிருந்தது. வாடிக்கையாளர்தான் நம் இடத்துக்கு வரும் மிக முக்கியமான விருந்தாளி என்ற மாதிரி. இந்தியா முழுக்கக் கடைகளிலும் வங்கிகளிலும் இதைப் பார்க்கலாம். காந்தி இதைச் சொன்னதற்கு ஆதாரமே இல்லை என்று தேடிப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மகாத்மாவையும் நிற்க வைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள் என்று எங்கள் பிரிவில் ஒரு அக்கா சொல்வார்.

இனி அந்த இரவுக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

2021இல் தீபாவளி நவம்பர் 4ஆம் தேதி. அதற்கு முந்தைய வாரக் கடைசியில் கம்பெனிகளில் போனஸ் பட்டுவாடா ஆகியிருந்தது. திருப்பூரில் போனஸ் வாரம் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. குமரன் ரோட்டில் நடப்பதற்கு இடம் இருக்காது, காதர்பேட்டையில் ஆளை ஆள் தள்ளிக்கொண்டு போவார்கள். வருடம் முழுக்கத் துணியோடு கிடக்கிறவர்கள் அந்த ஒரு வாரம்தான் துணி வாங்குகிறார்கள். கொரோனா இரண்டாவது அலை அடங்கி வந்த தீபாவளி அது. எல்லாரும் முகக்கவசம் போட்டிருந்தோம், அதனால் சிரிக்கிற வேலை மிச்சம் என்று நினைத்திருந்தேன். கண்ணால் சிரிக்கச் சொல்லிவிட்டார்கள்.

எட்டு மணி இருக்கும். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, மகளோடு வந்தார். நேராகக் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. தலைமுடியில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. அம்மா தலையில் தினமும் பார்க்கிற துகள். அவருக்கு நாற்காலி போட்டேன், குளிர்பானம் வந்தது. மூவாயிரத்துக்குள் காட்டச் சொன்னார். காட்டினேன். பிறகு ஐயாயிரம், பிறகு எட்டாயிரம். எட்டாயிரத்துக்கு வாங்கப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒவ்வொரு சீலையையும் முழுக்க விரித்துக் காட்டச் சொன்னார். விரலால் தடவி, தையலுக்குப் பழகிய கண்ணால் கரையை உற்றுப் பார்த்து, "வேண்டாம், அடுத்தது" என்றார். நாற்பதைத் தாண்டியபிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். எங்கள் கடையில் ஒருவர் வாங்காமல் எழுந்து போனால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் அப்படிப் போனவர்களின் எண்ணிக்கை நம் பெயருக்கு நேரே இருக்கும். அதனால் விரித்தேன்.

எனக்கு அன்று மாதவிலக்கின் இரண்டாம் நாள். இடுப்பு விட்டுப் போனது. காலடியில் ஸ்டூல் இருந்தது. ஒரு நிமிடம் அதில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே ஒரு சீலையை மடித்தேன்.

அவர் எழுந்துவிட்டார். "ஏம்புள்ள, கஸ்டமரு வந்திருக்கறப்ப உக்காந்துட்டுத்தான் காட்டுவியா? நாங்க காத்தாலிருந்து நின்னுட்டு வர்றோம், எங்களுக்கு இல்லாத நோவு உனக்கு என்ன வந்துருச்சு?" என்று சத்தம் போட்டார். மாடியே திரும்பிப் பார்த்தது. சூப்பர்வைசர் ஓடி வந்தார். நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். ஸ்டூலை அவரே காலால் கவுண்டருக்கு அடியில் தள்ளினார். மூவாயிரத்து இருநூறுக்கு ஒரு மயில்கழுத்து நிறச் சீலையை வாங்கிக்கொண்டு அந்த அம்மா போனார்.

அன்று என் கோபம் முழுவதும் அவர்மேல்தான் இருந்தது. கடைமேல் இல்லை, சூப்பர்வைசர்மேல் இல்லை. கார் வைத்திருக்கிற ஒரு வீட்டம்மா அதைச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நின்று கால் வலித்த ஒருத்தி, நிற்கிற இன்னொருத்தியைப் பார்த்து எப்படி அப்படிச் சொல்லலாம்? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதேன். அம்மா என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். காலை வெந்நீர் பக்கெட்டில் விட்டுக்கொண்டிருந்தவள், "வருசத்துல ஒரு நாளுதான் கண்ணு எங்கள யாராச்சும் வாங்க, உக்காருங்கன்னு சொல்றாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் அப்பிடித்தான் எடுத்துப் போடச் சொல்லுவேன்" என்றாள்.

அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் இன்னும் முழுதாக ஜீரணித்துவிடவில்லை.

பட்ட பாடு மனிதருக்கு இரக்கத்தைக் கற்றுக்கொடுக்கும் என்று நாம் நம்புகிறோம். கதைகளிலும் மேடைகளிலும் அப்படித்தான் வருகிறது. சிமோன் வெயில் என்ற பிரெஞ்சு மெய்யியலாளர் 1934-35இல் ஆசிரியர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் பாரிஸ் ஆலைகளில் கூலியாளாக வேலை செய்தார். அப்போது எழுதிய குறிப்புகளில் பேருந்து ஏறியதைப் பற்றி ஒரு இடம் உண்டு. மற்றவர்களைப் போலத் தானும் காசு கொடுத்துப் பேருந்தில் உட்கார்ந்து போகலாம் என்பதே அவருக்கு விசித்திரமாகத் தோன்றியிருக்கிறது. யாராவது அதட்டி இறக்கிவிட்டிருந்தால், அதுதான் இயல்பு என்று எடுத்துக்கொண்டிருப்பாராம். சில மாத ஆலை வேலை, தனக்கும் உரிமை உண்டு என்ற நினைப்பையே அவரிடமிருந்து எடுத்துவிட்டது. தனக்கே உட்கார உரிமை உண்டு என்று தோன்றாதவருக்கு, எதிரில் இருப்பவளுக்கு உண்டு என்று எப்படித் தோன்றும்? இருபத்திரண்டு வருடம் நின்றவருக்கு நிற்பது அநியாயமாகத் தெரிவதில்லை, அளவுகோலாகத் தெரிகிறது. நான் நின்றேன், நீயும் நில். மாமியார்களைப் பற்றி நாம் ஆயிரம் தடவை பேசியது இதுதான். ஆனாலும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

நம் ஊரில் ஆண்களுக்கு இந்தப் பட்ட பாடு வேறு மாதிரி வேலை செய்கிறது. திருப்பூர் முதலாளிகளைப் பற்றி ஆய்வு செய்த ஷரத் சாரி, 'ஃபிரடர்னல் கேப்பிட்டல்' என்ற புத்தகத்தை 2004இல் வெளியிட்டார். விவசாயக் குடும்பங்களிலிருந்து தொழிலாளியாக வந்து முதலாளி ஆனவர்கள், தங்கள் பாட்டையே மூலதனம் போலச் சொல்வதை அவர் அதில் கவனிக்கிறார். நானும் கேட்டிருக்கிறேன். எங்கள் கடை முதலாளியும் ஆயுத பூஜைக்கு வந்தால், தான் மூட்டை தூக்கிய கதையைத்தான் சொல்வார். அவர் நின்ற காலம் அவருக்குக் கல்லாவில் உட்காரும் தகுதியாக மாறியது. அம்மா நின்ற இருபத்திரண்டு வருடம் எதுவாகவும் மாறவில்லை. ஒரு மாலை நேரம் பட்டுச்சீலைப் பிரிவில் நாற்காலியில் உட்கார்ந்து, வேறொரு பெண்ணை நிற்க வைக்கும் உரிமையாக மட்டும், குளிர்பானம் ஆறுவதற்குள் முடிந்துபோகும் உரிமையாக, மாறியது.

அப்படியானால் அந்த அம்மா செய்தது தவறில்லையா? தவறுதான். அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. ஒருவர் செய்வதற்குக் காரணம் தெரிந்துவிட்டால் அது சரியாகிவிடாது. இல்லாவிட்டால், மனைவியை அடிக்கும் ஒவ்வொருவரின் குழந்தைப் பருவத்தையும் விசாரித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாற்பது சீலையை விரிக்கச் சொன்னது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அது என் வேலை, அவர் வருடத்துக்கு ஒருமுறை வாங்குகிறவர், பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஸ்டூல் விஷயம் வேறு. நான் உட்கார்ந்ததில் அவருக்கு ஒரு சீலைகூடக் குறையவில்லை. குறைந்தது அவர்முன் ஒருத்தி நிற்கிறாள் என்ற நினைப்பு மட்டும். அதை அவர் தனக்குச் சேர வேண்டிய பாக்கி என்று கருதினார்.

அந்தப் பாக்கியை எழுதிக் கொடுத்தது கடை. கட்டளைக்குப் பயந்து காட்டும் மரியாதை மரியாதையா என்ற பழைய கேள்வி இங்கே இருக்கிறது. நான் அவரை மதித்து நிற்கவில்லை. கேமராவுக்கும் மாதக் கடைசிக் கணக்குக்கும் பயந்து நின்றேன். அவர் காசு கொடுத்து வாங்கியது போலிச் சரக்கு. செக்கிங் வேலை செய்கிறவர், கறையையும் ஊசி வெட்டையும் பத்தடியிலேயே கண்டுபிடிக்கிறவர், அதைக் கண்டுபிடிக்கவில்லை என்று நம்ப முடியவில்லை. தெரிந்தேதான் வாங்கியிருப்பார். அசல் எந்தக் கடையிலும் கிடைக்காதபோது போலியைத்தானே வாங்க முடியும்? கம்பெனியில் டைம் கீப்பரிடமோ வீட்டில் யாரிடமோ அவருக்குக் கிடைக்காத ஒன்றை, என்னிடமிருந்து எடுத்து அவருக்கு விற்றார்கள். எனக்கும் அது சொந்தமாக இருந்ததில்லை.

பட்ட பாடு தானாக ஒற்றுமையைக் கொண்டுவராது என்றால் எது கொண்டுவரும்? கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்களைச் சேர்த்த விஜி ஒரு தையல்காரர். 'பெண்கூட்டு' என்ற அமைப்பு முதலில் கேட்டது நாற்காலியைக்கூட இல்லை, கழிப்பறையை. பிறகுதான் உட்காரும் உரிமை வந்தது. திருச்சூரில் ஒரு பெரிய சேலைக்கடையில் வேலை பார்த்த பெண்கள் தங்களை இடமாற்றம் செய்ததை எதிர்த்து 2014 இறுதியில் கடைமுன் அமர்ந்தார்கள். அந்தப் போராட்டத்துக்கு 'இரிக்கல் சமரம்', அதாவது உட்காரும் போராட்டம் என்றே பெயர். கடைக்குள் உட்கார முடியாதவர்கள் தெருவில் நூறு நாட்களுக்கு மேல் உட்கார்ந்தார்கள். கேரளத்துச் சட்டம் அங்கிருந்து வந்தது. நமக்கு அதைப் பார்த்துக் கிடைத்தது. ஸ்டூல் கிடைத்த நாளில் எங்கள் பதினோரு பேரில் ஒருவர்கூட அதைக் கேட்டிருக்கவில்லை. கேட்காமல் வந்த பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று எங்களுக்குத் தெரியவில்லை, அதனால் ஏறி நின்றோம். நாங்கள் பதினோரு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது அந்த யோசனையே வரவில்லை.

2022இல் வேலையை விட்டேன். இப்போது ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன், உட்கார்ந்துகொண்டுதான். கடைக்குப் போனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. "உக்காந்துட்டே காட்டுங்க, பரவால்ல" என்று சொல்வேன். இதுவரை ஒரு பெண்கூட உட்கார்ந்ததில்லை. முதலில் அதை அவர்களின் பயம் என்று நினைத்தேன். பிறகு தோன்றியது, நான் சொல்வதும் வாடிக்கையாளர் போடும் இன்னொரு கட்டளைதானே. நான் போனபிறகு அவளைக் கேள்வி கேட்கப் போகிறவர்களிடம் நான் வந்து பதில் சொல்லப் போவதில்லை. என் மனசாட்சியை ஆற்றிக்கொள்ளும் வேலையையும் அவள் தலையில் வைக்கிறேன். இருந்தாலும் சொல்வதை நிறுத்தவில்லை. சொல்லாமல் இருப்பது அதைவிட மோசமாகத் தோன்றுகிறது. இதில் எது சரி என்று எனக்குத் தெளிவில்லை.

போன தீபாவளிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன், நான் வேலை பார்த்த கடைக்கு இல்லை, வேறொன்றுக்கு. எங்களுக்குச் சீலை காட்டிய பெண்ணுக்கு இருபது வயதுக்குள் இருக்கும். பேச்சில் தெற்குப் பக்கம் தெரிந்தது. கவுண்டருக்கு அடியில் ஸ்டூல் இருந்தது, அதன்மேல் அட்டைப்பெட்டிகள். அம்மா வழக்கம்போல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எடுத்துப் போடச் சொன்னாள். பதினைந்து, இருபது. அந்தப் பெண் ஒரு காலைத் தூக்கி மறுகாலின் பின்புறம் தேய்த்துக்கொண்டாள். கவுண்டருக்குப் பின்னால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துச் செய்வது, நானும் செய்ததுதான். "உக்காந்துக்கம்மா" என்றேன். அவள் மேலே கேமராவைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லக்கா, பழகிருச்சு" என்று சிரித்தாள்.

அம்மா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். மடியில் இருந்த பையை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். நின்றபடியே கவுண்டரில் கையை ஊன்றி, விரித்திருந்த சீலையின் மறுமுனையைப் பிடித்து மடிக்க ஆரம்பித்தாள், செக்கிங் டேபிளில் மடிக்கிற அதே வேகத்தில்.

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. "என்னாச்சும்மா, எதும் பிடிக்கலியா? சூப்பர்வைசரக் கூப்பிடட்டுமா?" என்றாள். அம்மா, "இல்ல சாமி, பிடிச்சிருக்குது" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.